ஊசியும் படிகமும்

ஊசி வைத்தியத்தையும் படிகக் கற்களையும் இணைத்து விஞ்ஞானிகள் எங்கேனும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார். அக்குபங்சர் ஊசி குத்தும் இடங்களின்மேல் வண்ணப் படிகங்களை வைத்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ஒருவரிடம் தம் தகப்பனாரை அழைத்துச் செல்வதாக வீட்டில் பேச்சு நடக்கிறதாம். தகப்பனாருக்குக் கால் பெருவிரலின் அடி மூட்டில் தாங்கொணா வலி. கவுட் என்னும் கீல்வாதம் என்று டாக்டர் கூறி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாம், படிக முறையை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது அந்தக் கற்காரரின் வாதம். விஞ்ஞானம் எப்போது, எந்தப் புத்தகத்தில் ஒப்புக்கொண்டது என்பது மாணவரின் கேள்வி. கேள்வி நேர்மையானது, நோயாளியின் காலும் அதைச் சார்ந்திருக்கிறது. ஆகவே தேடிப் பார்த்தேன். தேடிய வழியில் நான் கண்டவை எதிர்பார்த்ததைவிடச் சுவையானவை. அவற்றுள் சிலவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வைத்திய ஆராய்ச்சிகளைத் தேடுவது என்பதற்கே ஒரு சரித்திரம் உண்டு. ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் அமெரிக்கர் வைத்திய மாணவராக இருந்தபோது, காக்கை வலிப்புக்குச் செய்யும் அறுவை பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டி நேர்ந்தது. அந்தப் பொருளைப் பற்றி யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று அறிவதற்கு அவர் பல நூல் நிலையங்களில் தூசு தட்ட வேண்டியிருந்தது. இந்த அவதியை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்க ராணுவ வைத்தியத் தலைவரின் நூல் நிலையம் அவர் பொறுப்பில் வந்தபோது, உலகத்து வைத்திய இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளுக்கெல்லாம் பொருள்வாரியாக ஓர் அட்டவணை போடத் தொடங்கினார். 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்ற அந்த அட்டவணை 1879-இல் முதன்முதலாக வெளிவந்தது. 1964-இல் கணிப்பொறி அந்த வேலையில் சேர்ந்தது. 1971-இல் தொலைபேசிக் கம்பி வழியே தூரத்திலிருந்தும் தேட முடிந்தது. 1997 முதல் எவரும் கட்டணமின்றித் தேடலாம் என்றாயிற்று. அச்சு அட்டவணை 2004-உடன் நின்றது. பில்லிங்ஸ் மாதக்கணக்கில் தேடியதை இன்று ஒரு மாணவர் தம் மேசையில் அமர்ந்தபடி சில விநாடிகளில் தேடிவிடுகிறார்.

ஆனால் அட்டவணை தேடுவது சொல்லை. 'படிகம்' என்ற சொல்லைத் தந்தால், கிருமிகளுக்குச் சாயம் ஏற்றும் படிக ஊதா வரும். புரதத்தைப் படிகமாக்கி அதன் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டவர்களின் கட்டுரைகள் வரும். சிறுநீரகக் கல் வரும். இவற்றில் ஏதேனும் ஒன்றில் 'ஊசி' என்ற சொல்லும் கிடந்தால் இரண்டும் ஒரே பக்கத்தில் நம் கண்முன் வந்து நிற்கும். ஒரே பேருந்தில் இருவர் பயணம் செய்ததால் அவர்கள் உறவினர் ஆகிவிடுவதில்லை அன்றோ? ஊசிப் புள்ளிகளில் படிகம் வைப்பதால் நோய் தணிகிறதா என்று, ஒரு சாராருக்கு உண்மைப் படிகமும் மற்றொரு சாராருக்குப் போலிப் படிகமும் வைத்துச் செய்த நம்பத்தக்க ஒப்பீட்டுச் சோதனை எதுவும் நான் தேடிய அளவில் அகப்படவில்லை. ஊசியைப் பற்றித் தனியே நிறைய இருக்கிறது. படிகத்தைப் பற்றித் தனியே சிறிது இருக்கிறது.

ஊசியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971-ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங்கில் குடல்வால் அறுவைக்கு உள்ளானார். அறுவைக்குப் பின் வயிற்றில் ஏற்பட்ட வேதனைக்கு ஊசி குத்தினார்கள். வேதனை தணிந்தது என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். ஊசியையே மயக்க மருந்தாக வைத்து அவருக்கு அறுவை நடந்தது என்று பலர் இன்றும் சொல்லுவதுண்டு. அவர் எழுதியது அப்படியன்று, அறுவை வழக்கமான மருந்து கொடுத்தே நடந்தது. அதன் பின்னர் மேனாட்டு ஆராய்ச்சியாளர்கள் முறையாகச் சோதிக்கலானார்கள். ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலி உடைய 1162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் செய்த சோதனையின் முடிவு 2007-இல் வெளிவந்தது. நூல் கூறும் புள்ளிகளில் ஊசி குத்தப்பட்டவர்களில் 47.6 விழுக்காட்டினர் குணம் கண்டனர். புள்ளியல்லாத இடங்களில் மேலாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 விழுக்காடு. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காடு மட்டுமே. இந்த மூன்று எண்களையும் மாணவர்கள் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். குத்துவதால் பயன் இருக்கிறது. எங்கே குத்துகிறோம் என்பதால் பெரிய வேறுபாடு இல்லை. வேறு பல சோதனைகளைத் திரட்டி 2012-இல் கணக்கிட்டவர்கள், உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே சிறியதொரு வேறுபாடு உண்டு என்று கண்டார்கள். சிறியது என்பது என் சொல்லன்று, அவர்கள் கணக்கிலேயே தெரிவது. புள்ளியின் பெருமையே இவ்வளவு ஐயத்துக்கு இடமாக இருக்கும்போது, அந்தப் புள்ளியின்மேல் வைத்த கல்லுக்குத் தனிப் பெருமை எங்கிருந்து வரும்?

கல்லின் பெருமைக்கு வேறொரு மூலம் இருக்கிறது. கார்ல் பான் ரைகன்பாக் என்பவர் ஜெர்மானிய ரசாயன அறிஞர். 1830-ஐ ஒட்டி மெழுகுவர்த்திக்கு உதவும் பாரபின் என்னும் பொருளைக் கண்டவர். சாமானிய மனிதரல்லர். அவர் 1840-களில், காந்தத்திலிருந்தும் படிகத்தின் முனைகளிலிருந்தும் ஒருவிதச் சக்தி வெளிப்படுகிறது, கூர்மையான உணர்ச்சி உடையவர்கள் அதை இருட்டில் ஒளியாகவும் கையில் குளிர்ச்சியாகவோ வெப்பமாகவோ உணர்கிறார்கள் என்று வெளியிட்டார். அதற்கு 'ஒட்' என்று பெயரும் சூட்டினார். மாஞ்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்னும் வைத்தியர் இதைப் படித்துவிட்டுத் தாமும் சோதித்தார். படிகம் இல்லாதபோதும், படிகம் இருப்பதாக நோயாளி நம்பினால் அதே குளிர்ச்சி, அதே கூச்சம், அதே ஒளி தோன்றின. படிகம் இருந்தும் அது இருப்பதை அறியாதபோது ஒன்றும் தோன்றவில்லை. 1846-இல் இதை ஒரு சிறு நூலாக எழுதினார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2001-இல், கிறிஸ்டபர் பிரெஞ்ச் என்னும் ஆங்கில மனோதத்துவப் பேராசிரியர் 80 பேர் கையில் உண்மைப் படிகத்தையோ கண்ணாடிப் போலியையோ கொடுத்துச் சோதித்து, பிரெய்ட் கண்டதையே மீண்டும் கண்டார். இன்ன இன்ன உணர்ச்சி வரும் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள் அதிகம் உணர்ந்தார்கள். கல் உண்மையா போலியா என்பதால் வேறுபாடு எழவில்லை.

படிக வியாபாரிகள் கியூரி சகோதரர்களின் பெயரையும் எடுத்துக்காட்டுவதுண்டு. ழாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880-இல், பளிங்குக் கல்லையும் வேறு சில படிகங்களையும் அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டது உண்மையே. கைக்கடிகாரத்தில் பளிங்குத் துண்டு வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து காலம் காட்டுவது அந்த உண்மையால்தான். மனித எலும்பிலும் இதுபோன்ற குணம் உண்டு என்று ஜப்பானியர் இருவர் 1957-இல் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் அழுத்தம் மாறும்போதுதான் அந்த மின்சாரம் பிறக்கிறது. தோலின்மேல் அசையாமல் கிடக்கும் கல் கடிகாரத்தையும் ஓட்டாது; கீல்வாதத்தையும் ஓட்டாது.

இவ்வளவோடு தேடலை முடித்திருக்கலாம். ஆனால் மாணவருடைய தகப்பனாரின் நோய் கவுட் என்றேனே, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பழைய நூல்களைப் புரட்டியபோதுதான் ஊசியும் படிகமும் மெய்யாகவே சந்திக்கும் இடம் தென்பட்டது.

ஐரோப்பிய மொழிகளில் 'அக்குபங்சர்' என்ற சொல்லை வழங்கச் செய்தவர் வில்லெம் தென் ரைனே என்னும் டச்சு வைத்தியர். லத்தீனில் 'அக்குஸ்' என்றால் ஊசி. 'பங்க்தூரா' என்றால் குத்துதல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக 1674 முதல் 1676 வரை ஜப்பானில், நாகசாகித் துறைமுகத்தை அடுத்த தேஷிமா என்ற சிறு தீவில் அவர் இருந்தார். அன்னியர் நாட்டுக்குள் விருப்பம்போல் நடமாட அனுமதியில்லாத காலம் அது. இருந்தும் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் ஜப்பானிய வைத்தியர்களிடம் விசாரித்து, ஊசி குத்தும் இடங்களைக் காட்டும் படங்களையும் பெற்றார். வயிற்று வலியால் துடித்த ஜப்பானியக் காவல் வீரன் ஒருவன் மல்லாந்து படுத்து, தன் வயிற்றிலேயே ஊசியை வைத்துச் சிறு சுத்தியால் தட்டிச் செலுத்திக்கொண்டு, ஏப்பம் விட்டு, வலி நீங்கி எழுந்ததைத் தாம் கண்டதாக எழுதுகிறார். இவை அடங்கிய அவருடைய லத்தீன் நூல் 1683-இல் லண்டனில் வெளியாயிற்று. நூலின் முதற்பொருள் ஊசியன்று. கீல்வாதத்தைப் பற்றிய ஆராய்ச்சியே முதற்பகுதி. ஊசி அதன்பின் வருவது. மூட்டுக்குள் அடைபட்ட காற்றே நோய்க்குக் காரணம், ஊசி குத்தியோ மாசிபத்திரி இனத்துச் செடியின் பஞ்சை மேலே வைத்துக் கொளுத்தியோ அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டு வைத்தியமும் இந்த நோயைக் கீல்வாயு என்று வாயுவின் பெயராலேயே அழைத்து வந்தது நினைவுக்கு வருகிறது. மூட்டுக்கு மூட்டு தாவுவதும், சொல்லாமல் வந்து சொல்லாமல் போவதும் கண்டவர்களுக்குக் காற்றின் நினைவு வந்தது வியப்பில்லை.

அதே 1683-இல், அதே லண்டனில், தாமஸ் சிடன்ஹாம் என்னும் ஆங்கில வைத்தியரும் கீல்வாதத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரே அந்த நோயால் பல்லாண்டு வருந்தியவர். நலமாகப் படுத்துறங்கியவன் பின்னிரவில் பெருவிரல் வலியால் விழித்துக்கொள்வதையும், போர்வையின் பாரத்தையும் கால் பொறுக்காமல் போவதையும், அறையில் ஒருவர் அழுத்தி நடந்தாலும் வேதனை மிகுவதையும் அவர் எழுதியிருப்பதை இன்றும் வைத்தியக் கல்லூரிகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். நோயின் உருவம் அவருக்கு மனப்பாடம், காரணம் தெரியாது.

காரணத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவர் இருந்தார். அவர் வைத்தியரே அல்லர். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி, ஆண்டனி வான் லேவன்ஹூக். தாமே தேய்த்துச் செய்த ஒற்றைக் கண்ணாடி நுண்பெருக்கியால் குளத்து நீரிலும் பல் அழுக்கிலும் சிற்றுயிர்களைக் கண்ட அதே மனிதர். கீல்வாத நோயாளியின் மூட்டுக் கட்டியிலிருந்து வெளிப்பட்ட, சுண்ணாம்பு போன்ற வெண்பொருளை 1679-இல் தம் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். சுண்ணாம்பு என்று எண்ணியிருந்தவருக்கு வியப்பு. அங்கே இருந்தவை நீண்ட, ஒளி ஊடுருவும் நுண்துண்டுகள். பலவற்றுக்கு இரு முனையும் கூர்மை. ஊசிகள்! மூட்டுக்குள்ளேயே ஆயிரமாயிரம் படிக ஊசிகள்.

1679-இல் டெல்ஃப்டில் ஒருவர் நோயின் பொருளைக் கண்டார். 1683-இல் லண்டனில் ஒருவர் நோயின் நடையை எழுதினார். அதே ஆண்டு அதே நகரில் மூட்டுக்குள் ஊசி செலுத்தலாம் என்று மற்றொருவர் எழுதினார். இம்மூன்று ஏடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர் இல்லை. பில்லிங்ஸின் அட்டவணை வர இன்னும் இருநூறு ஆண்டு இருந்தது. லேவன்ஹூக்குக்கோ அந்த ஊசிகள் என்ன பொருளால் ஆனவை என்று சொல்ல ரசாயனமும் அன்று இல்லை.

ரசாயனம் மெல்ல வந்தது. ஷீலே என்னும் ஸ்வீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் 1776-இல் மூத்திரக் கல்லில் யூரிக அமிலத்தைக் கண்டார். அந்த அமிலத்தின் சோடிய உப்பே கீல்வாதக் கட்டியில் இருப்பது என்று வொல்லாஸ்டன் 1797-இல் காட்டினார். லண்டன் வைத்தியர் ஆல்பிரட் காரட், நோயாளியின் ரத்தத்திலேயே யூரிக அமிலம் மிகுந்திருப்பதை 1848-இல் நிறுவினார். ரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரில் அமிலம் சேர்த்து, ஒரு நூல் இழையை இட்டு வைத்தால் இழையெங்கும் படிகம் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு எளிய சோதனை பாருங்கள். 1859-இல் எழுதிய நூலில் காரட் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். மூட்டில் படியும் இந்த உப்புதான் அழற்சிக்குக் காரணம், அழற்சியால் உப்பு படிவதில்லை என்றார். அதை மெய்ப்பிக்கும் சோதனை அவரிடம் இல்லை.

அந்தச் சோதனையைச் செய்தவர் மாக்ஸ் பிராய்ட்வைலர். யூரிக உப்பின் படிகங்களைத் திசுக்களில் செலுத்தி, அங்கே அழற்சி எழுவதையும் வெள்ளணுக்கள் வந்து அப்படிகங்களை விழுங்குவதையும் கண்டு, 1899-இல் ஜெர்மன் மொழியில் ஒரு வைத்திய இதழில் விரிவாக எழுதினார். காரட்டின் வாதம் நிரூபணமாயிற்று. ஆயினும் வைத்திய உலகம் அக்கட்டுரையை மறந்துவிட்டது. ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அது நூல் நிலையத்து அலமாரிகளில் கிடந்தது. அட்டவணைகள் இருந்த காலந்தான். கேட்பவர் இல்லாதபோது அட்டவணை தானாக வாய் திறப்பதில்லை.

1961-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் டேனியல் மக்கார்ட்டி, ஜோசப் ஹாலண்டர் என்னும் இரு வைத்தியர்கள், வீங்கிய மூட்டுகளில் ஊசியைச் செலுத்தி உள்ளே இருந்த நீரை இழுத்தெடுத்து, முனைவுற்ற ஒளியில் பார்க்கும் நுண்பெருக்கியின் கீழே வைத்தார்கள். சாதாரண ஒளியில் மங்கலாகத் தெரிபவை இந்த ஒளியில் சுடர்விட்டன. கூடவே ஒரு தகட்டை வைத்துப் பார்த்தால், ஒரு திசையில் கிடக்கும் படிகம் மஞ்சளாகவும், அதற்குக் குறுக்கே கிடப்பது நீலமாகவும் தோன்றும். வேறு வகைப் படிகமானால் நிறம் நேர்மாறாக இருக்கும். இவ்வகையில் யூரிக உப்பு அல்லாத படிகத்தால் வரும் மற்றொரு மூட்டு நோயும் தனியே அடையாளம் காணப்பட்டது. இன்றும் கவுட் நோயைச் சந்தேகமறக் காட்டும் சோதனை இதுவே. தென் ரைனே காற்றை வெளியேற்ற எண்ணி மூட்டை நோக்கி ஊசியை நீட்டினார். அதே மூட்டிலிருந்து ஊசி இறுதியில் வெளியே கொணர்ந்தது படிகத்தை.

மூட்டில் படிகம் இருப்பது வேறு, படிகமே வலியைத் தருவது வேறு. மக்கார்ட்டியும் பேர்ஸ் என்னும் அவருடைய தோழரும் ஆய்வுக்கூடத்தில் செய்த யூரிக உப்புப் படிகத்தைத் தங்கள் முழங்கால் மூட்டுகளிலேயே செலுத்திக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கிற்று. வேதனை அவர்கள் எண்ணியதற்கு மேல் கடுமையாக இருந்தது. நாய்களின் மூட்டுகளிலும் அவ்வாறே நேர்ந்தது. 1962-இல் இதை வெளியிட்டார்கள். பிறருடைய காலில் செய்வதற்கு முன் தம் காலில் செய்துகொண்ட இந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

படிகத்தைக் கரைக்கும் வழியும் அந்தக் காலத்திலேயே கிடைத்தது. கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் என்னும் அறிஞர்களின் ஆய்வுக்கூடத்தில் உருவான அலோபியூரினால் என்ற மருந்து உடம்பில் யூரிக அமிலம் உண்டாவதையே குறைக்கிறது. 1966 முதல் அது கீல்வாத நோயாளிகளுக்கு வழங்கப்படுகிறது; 1988-இல் அவ்விருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ரத்தத்தில் யூரிக அமிலம் போதிய அளவு குறைந்து நெடுநாள் அப்படியே இருந்தால், மூட்டில் பல்லாண்டுகளாகப் படிந்த ஊசிகள் சிறுகச் சிறுகக் கரைந்து போகின்றன. மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் மீண்டும் படிகின்றன. கேள்வி கேட்ட மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: உங்கள் தகப்பனாரின் மூட்டில் ஏற்கெனவே போதுமான படிகங்கள் இருக்கின்றன, மேலே ஒன்று வைக்க வேண்டாம், உள்ளே இருப்பவை கரையட்டும். கவுட் நோய்க்கு ஊசி குத்திப் பார்த்த சோதனைகள் சீனத்தில் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொகுத்து மதிப்பிட்டவர்கள் அவற்றின் தரத்தைக் குறைகூறியிருக்கிறார்கள். வலி தணிய ஊசி வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மாத்திரையோடு கூடவே குத்திக்கொள்ளட்டும்.

மக்கார்ட்டியைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. தம் முழங்காலில் கண்ட உண்மையைத் தமக்கு முன்பே ஒருவர் கண்டு எழுதியிருக்கிறார் என்பது தெரியவந்ததும், அவர் அதை ஒளிக்கவில்லை. பிராய்ட்வைலரின் 1899-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒரு தோழருடன் சேர்ந்து ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்து, 1964-இல், தம்முடைய படிக ஆராய்ச்சி வெளிவந்த அதே அமெரிக்க இதழில், பிராய்ட்வைலரின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு வெளியிட்டார்.